கிக்கர் போன கதை: செத்த பேட்டரியின் வரலாறு

சாவியைத் திருப்பினால் மீட்டரில் விளக்கு அழுது வடிகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து "டிக் டிக் டிக்" என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி கிளம்பாது. இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே வரும் பெரியவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கிக்கரை அடிச்சுப் பாத்தியா தம்பி?" புது வண்டிக்காரத் தம்பியின் பதில்: "கிக்கரே கிடையாது தாத்தா."

தாத்தாவால் அதை நம்ப முடியாது. ஒரு மோட்டார் சைக்கிளில் உதைக்கிற இடமே இல்லாமல் எப்படி இருக்கும்? கேள்வி நியாயமானது. ஏனென்றால் பேட்டரி செத்தால் வண்டி நிற்கும் என்கிற பிரச்சினை மோட்டார் சைக்கிள் பிறந்தபோதே கூடப் பிறந்தது. அதை நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே தீர்த்தும் விட்டார்கள். தீர்த்து வைத்த பிரச்சினையை மறுபடியும் வண்டிக்குள் கொண்டுவந்து வைத்தது நம் காலத்தில் நடந்தது. அது எப்படி நடந்தது, யாருக்கு லாபம், யார் தலையில் செலவு விழுந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

புதுச்சேரியில் இதை யோசிக்க வைத்திக்குப்பம் நல்ல இடம். முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே, குருசுக்குப்பத்தை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மீனவர் பகுதி. மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கடற்கரை. இந்த மாதிரி கடலோரத் தெருவில் பைக் என்பது கல்லூரிக்குப் போகிற அலங்காரச் சாமான் கிடையாது. வலையும் டீசல் கேனும் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் அதில்தான் போகின்றன. விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் ஏலத்துக்குப் போய்ச் சேர முடியும். ஏலம் பேட்டரிக்காகக் காத்திருக்காது, மீனும் காத்திருக்காது. அலுவலகம் போகிறவருக்குப் பேட்டரி செத்தால் அரை நாள் லீவு. மீன் கூடையோடு நிற்பவருக்கு அன்றைய வருமானமே போச்சு.

சரி, கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில், 1859ல், பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே என்ற இயற்பியலாளர் இரண்டு ஈயத் தகடுகளை எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் தடுப்பு வைத்து, பாய் போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி வைத்தார். அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது தேங்கியது. திருப்பிக் கேட்டால் கொடுத்தது. மறுபடியும் செலுத்தினால் மறுபடியும் தேங்கியது. உலகின் முதல் ரீசார்ஜ் பேட்டரி அதுதான். 1881 வாக்கில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் கமீல் ஃபோர், தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசினால் இன்னும் நிறைய மின்சாரம் தேங்கும் என்று காட்டினார். இன்று வைத்திக்குப்பத்தில் ஏதாவது ஒரு பைக்கின் சைடு கவரைக் கழற்றினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே ஈயம், இதே அமிலம், இதே பசைதான். செல்போன் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டது. இது மாறவில்லை. ஒரே காரணம், விலை குறைவு. தவிர ஒரு நொடியில் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டுவதில் இன்னும் கெட்டிக்காரன்.

பேட்டரி "சாவது" என்றால் என்ன என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம், பின்னால் தேவைப்படும். 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு சிறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் இருந்தால் மொத்தம் 12.6க்குக் கொஞ்சம் மேலே காட்டும். மின்சாரம் செலவாகச் செலவாக இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தச் சல்பேட் திரும்பக் கரைந்துவிடும். ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டியான படிகமாக மாறி, அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அசையாது. அதாவது, காலியான பேட்டரி வேறு, செத்த பேட்டரி வேறு. காலியானதைக் காலியாகவே விட்டு வைப்பதால்தான் அது சாகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பிழைக்கக்கூடிய பேட்டரியை எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு, பிழைக்காத பேட்டரிக்கு மூன்று முறை சார்ஜ் காசு கொடுக்கிறவர்களும் உண்டு.

வண்டிக் கதைக்கு வருவோம். 1890களின் நடுவில் பிரான்சின் தெ தியோன் பூத்தோன் நிறுவனம் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றை விற்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினுக்கு இதை ஒரு வகையில் பாட்டன் என்று சொல்லலாம். அதில் பிளக்கில் தீப்பொறி வரவைக்க ஒரு பேட்டரியும் காயிலும் இருந்தன. எஞ்சின் அந்தக் காலத்துக்கு நம்பவே முடியாத வேகத்தில், நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை, சுற்றியது. ஆனால் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய எந்த ஏற்பாடும் இல்லை. ஓடும் வரை ஓடும், பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் டேங்க் நிறைய இருந்தாலும் வண்டி நிற்கும். மோட்டார் சைக்கிள் உலகின் முதல் "பேட்டரி டவுன்" இந்த வகைதான்.

இதற்கு மருந்து ஜெர்மனியிலிருந்து வந்தது. 1897ல் ராபர்ட் பாஷின் பட்டறை அதே தெ தியோன் மூன்று சக்கர வண்டி ஒன்றில் மேக்னட்டோ என்ற கருவியைப் பொருத்திக் காட்டியது. காந்தத்தின் அருகே காயில் சுற்றினால், அல்லது காயில் அருகே காந்தம் சுற்றினால், மின்சாரம் பிறக்கும். எஞ்சினே அதைச் சுற்றிவிடும். தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே தயாரித்துக்கொள்ளும். 1902ல் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் இதை உயர் அழுத்த மேக்னட்டோவாக மாற்றி, ஸ்பார்க் பிளக்கோடு சேர்த்தார். அதோடு பேட்டரிக்கு வேலை போச்சு. காலால் உதைத்தால் எஞ்சின் சுற்றும், சுற்றினால் தீப்பொறி, தீப்பொறி வந்தால் ஓட்டம். சாவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை!

ஆனால் சொகுசு யாரை விட்டது? அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் 1912ல் காடிலாக் காருக்குச் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்து கொடுத்தார். அதுவரை கார்களை முன்னால் நின்று கையால் இரும்புக் கம்பியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். செல்ஃப் வந்ததும் அந்தக் கம்பி மெல்ல மெல்ல மறைந்தது. இதைப் பார்த்து ஆசைப்பட்டது ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி. பெயர் "இந்தியன்". பெயரில்தான் இந்தியன், ஊர் அமெரிக்கா. 1914ல் ஹென்டீ ஸ்பெஷல் என்ற மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை வைத்து, பட்டனை அழுத்தினால் கிளம்பும் மோட்டார் சைக்கிளை விற்பனைக்கு விட்டார்கள். பேட்டரிகள் சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை. வாங்கியவர்கள் திட்டினார்கள். அடுத்த வருஷமே அந்த மாடல் இல்லை. பைக்குக்குச் செல்ஃப் என்ற எண்ணம் அதன்பின் பல வருஷம் படுத்தே கிடந்தது. 1950களின் கடைசியிலும் 60களிலும் ஜப்பானின் ஹோண்டாதான் அதை எழுப்பி நம்பும்படி செய்து காட்டியது.

இதெல்லாம் நடந்தபோது புதுச்சேரித் தெருக்களில் ஓடிய புகழ்பெற்ற வாகனம் புஷ்புஷ் வண்டி. மனிதன் தள்ள, துரை உட்கார்ந்து போகும் மூன்று சக்கர வண்டி. தள்ளு ஸ்டார்ட்டுக்கு மூதாதை அதுதான் :-)

இந்தியாவில் 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும், திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தியானதும் பலருக்குத் தெரிந்த கதை. பழைய புல்லட்டில் தீப்பொறிக்குப் பேட்டரி, காயில், பிளாட்டினம் பாயிண்ட் மூன்றும் வேண்டும். அதனால் புல்லட்காரர்களுக்குப் பேட்டரி பயம் எப்போதும் உண்டு. ஆனால் அந்த வண்டி ஒரு மரியாதை செய்தது: ஹெட்லைட்டுக்கு மேலே அம்மீட்டர் என்று ஒரு முள் வைத்து, பேட்டரிக்குள் சார்ஜ் போகிறதா, வெளியே வருகிறதா என்று ஓட்டுபவருக்கு எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த முள்ளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும்போது பாயிண்ட் திறக்கும், முள் நடுவுக்குத் துள்ளும். அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே உதை. இந்த வித்தை தெரிந்தவர் ஒல்லியாக இருந்தாலும் ஒரே உதையில் எடுப்பார். தெரியாத பயில்வானை அது திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி நொண்டியவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய.

அம்மீட்டர் முள்ளைப் படிப்பது என்பது பேட்டரியின் நாடியைப் பிடிப்பது மாதிரி. முள் கழித்தல் பக்கமே தங்கினால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம், வீடு போய்ச் சேரும் முன் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டு என்று அர்த்தம். இன்றைய வண்டிகளில் போன் அழைப்பு, வழிகாட்டி வரைபடம் எல்லாம் தெரிகிறது, ஆனால் பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியின் நிலையைச் சொல்லும் முள் இல்லை. சாகும் வரை எதுவும் சொல்லாமல் இருந்து, ஒரு நாள் காலையில் "டிக் டிக்" என்று சொல்கிறது.

புல்லட் பணக்கார வண்டி. சாமானியர்களின் வண்டிகள் பேட்டரியைப் பற்றிக் கவலையே படவில்லை. 1972ல் வந்த பஜாஜ் சேட்டக் மேக்னட்டில் ஓடியது. கிளம்பவில்லை என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைப்பார்கள், கிளம்பிவிடும். 1980ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50யைக் கடலோரக் குப்பங்களும் கிராமங்களும் எப்படிக் கட்டிக்கொண்டன என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். பெடலை மிதித்தால் கிளம்பும். பெட்ரோல் தீர்ந்தாலும் பெடலை மிதித்தே வீடு வரலாம். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப விளக்கு கூடிக் குறையும், மெதுவாகப் போனால் மினுமினுக்கும், முறுக்கினால் பளிச்சென்று எரியும். அந்த மினுமினுப்புதான் உள்ளே மேக்னட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

1985ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 இரண்டும் இன்னும் ஒரு படி மேலே. பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு சிடிஐ என்ற மின்னணுப் பெட்டியை வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னட்டின் தனிக் காயிலே கொடுத்தது. பேட்டரியும் இருந்தது, சின்னதாக, ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும். அது செத்துப்போனால்? ஹாரன் அடிக்காது. கை காட்டித் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் நஷ்டம். செத்த பேட்டரியை வருஷக்கணக்கில் சுமந்துகொண்டே ஓடிய ஆர்எக்ஸ் 100கள் ஏராளம். இந்தக் கதையில் பொற்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பேட்டரி வேலைக்காரனாக மட்டும் இருந்தது, முதலாளி ஆகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிக்கரைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் இளமையில் உதைத்த ஆண்கள். புடவை கட்டியவருக்கு, மூட்டு வலிக்காரருக்கு, கர்ப்பிணிக்கு, காலில் குறை உள்ளவருக்கு கிக்கர் ஒரு பூட்டிய கதவு. 1984ல் கைனடிக் ஹோண்டா செல்ஃப் ஸ்டார்ட்டோடும் கியர் இல்லாமலும் வந்தபோது அந்தக் கதவு திறந்தது. 1990களில் ஸ்கூட்டியும், பிறகு ஆக்டிவாவும் அதை அகலத் திறந்து வைத்தன. புதுச்சேரித் தெருக்களில் இன்று பெண்கள் ஓட்டும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு செல்ஃப் ஸ்டார்ட் தேவையில்லாத சொகுசு என்று யாராவது சொன்னால், அவர் ஒரு முறை புடவை கட்டிக்கொண்டு சேட்டக்கை உதைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் அந்தக் கைனடிக்கில் செல்ஃபும் இருந்தது, கிக்கரும் இருந்தது. இருந்தே ஆக வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினையும் பின் சக்கரத்தையும் இணைப்பது வேகத்தால் விரியும் கிளட்ச். எஞ்சின் சுற்றினால்தான் அது ஒட்டும். அதனால் ஸ்கூட்டரைத் தெருக்கோடி வரை தள்ளினாலும் கிளம்பாது. கியர் பைக்கை இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளி, படக்கென்று விட்டால் கிளம்பும். ஸ்கூட்டரில் அந்த வழி பிறவியிலேயே கிடையாது.

பிரச்சினை செல்ஃப் வந்ததில் இல்லை. செல்ஃபுக்குத் துணையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்ததில்தான். 2000க்குப் பிறகு பல பைக்குகளில் சிடிஐ பெட்டி மேக்னட்டை விட்டுவிட்டுப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்க ஆரம்பித்தது. வேகம் எதுவானாலும் ஒரே சீரான தீப்பொறி கிடைக்கும் என்பது லாபம். பேட்டரி முழுதாகப் படுத்தால் உதைத்தும் பயனில்லை என்பது செலவு. 2007ல் பல்சர் 220 டிடிஎஸ்-எஃப்ஐ, 2008ல் யமஹா ஆர் 15 ஆகியவை கார்புரேட்டர் இல்லாமல், கிக்கரும் இல்லாமல் வந்தன. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. பகலிலும் எரிய வேண்டும் என்று விதி. விபத்தைக் குறைக்க வந்த நல்ல விதிதான். ஆனால் பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு விளக்கை அணைத்து ஓட்டிச் சமாளிக்கும் பழைய தந்திரம் அதோடு முடிந்தது.

கடைசி அடி 2020 ஏப்ரல் 1. அன்றிலிருந்து பிஎஸ்-6 வண்டிகளை மட்டுமே விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. புகை அளவைக் கட்டுப்படுத்த, ஓரிரு விதிவிலக்கு தவிர, கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இதில் பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு வழியாது. டேங்குக்குள் ஒரு மின்சார பம்ப் அழுத்தித் தள்ள வேண்டும், ஒரு சிறு கம்ப்யூட்டர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். பேட்டரி முழுதாகச் செத்திருந்தால் பம்ப் ஓடாது, கணக்கும் நடக்காது. தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது. கிக்கர் இருந்தாலும் பல வண்டிகளில் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும். புல்லட் குடும்பமும் விலகி நிற்கவில்லை. 2020 நவம்பரில் மீட்டியார், 2021ல் புது கிளாசிக், 2023ல் புது புல்லட், மூன்றிலும் கிக்கர் இல்லை. ஒரே உதையில் எடுக்கும் வித்தைக்கு அங்கே முடிவுரை எழுதப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், 2020 மார்ச் 25ல், ஊரடங்கு தொடங்கியிருந்தது. நாலு கட்டமாக மே 31 வரை 68 நாட்கள். வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. ஒரு சின்னக் கணக்கு போடலாம். செல்ஃப் உள்ள சாதாரண பைக்கின் பேட்டரி 5 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், கம்ப்யூட்டர் இவற்றுக்காக 1 மில்லியாம்பியர் கசிகிறது என்று வைத்தாலே, 68 நாளில் 1.6 ஆம்பியர் மணி போய்விடும். பேட்டரி சும்மா இருந்தாலே மாதம் 3 முதல் 5 சதவீதம் தானாகக் குறையும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூடுதல். அதற்கு ஒரு அரை ஆம்பியர் மணி. மொத்தம் 2.1. ஐந்தில் இரண்டு பங்கு காலி. வண்டியை நிறுத்தும்போதே பேட்டரி முக்கால்தான் இருந்தது என்றால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு பல பத்து ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதுவார்களே, அது போல ஓடாமல் நின்ற சொத்துக்கும் தேய்மானம் உண்டு என்று அந்த வருஷம் பலருக்குப் புரிந்தது. பத்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டவர்களும், நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தவர்களும் தப்பித்தார்கள்.

கடலோரத்தில் இதற்கு மேல் இன்னொரு வரி கட்ட வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரையும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமும் மணலை இழந்தன. கரையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். மணல் இருந்த இடத்தில் கல் வந்தால் அலை உருண்டு வராது, மோதித் தெறிக்கும். உப்புச் சாரல் நேராக வீட்டு வாசலுக்கே வரும்.

அந்த உப்பு, பேட்டரியின் ஈய முனையையும் செம்பு வயரையும் பிடித்துத் தின்கிறது. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து நிற்கும் பொடி அதுதான். இதனால் நடக்கும் கூத்து: பேட்டரி நன்றாகவே இருக்கும், மின்சாரம் முனையைத் தாண்டி வராது. செல்ஃப் "டிக் டிக்" என்னும். புது பேட்டரி மாட்டினால் கிளம்பிவிடும், ஏனென்றால் மாட்டும்போது முனையைச் சுரண்டி இறுக்கியிருப்பார்கள். காசு போனது பேட்டரிக்கு, வேலை செய்தது உப்புத்தாள். கடல் ஓரத்தில் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், நெகட்டிவை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் சமையல் சோடா கலந்து முனையைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் தடவிப் பார்ப்பது மலிவான வைத்தியம்.

வெள்ளம் வந்தால் கதை வேறு. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நிறுத்தி வைத்த இடத்திலேயே இருசக்கர வாகனங்கள் முங்கின. தண்ணீர் வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் பேட்டரியோடு கம்ப்யூட்டரும் போகும். பேட்டரியின் விலை எங்கே, அந்தப் பெட்டியின் விலை எங்கே! முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அதே காரணத்தால்தான் வேறு வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பும்போதும் சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. பழைய சேட்டக்குக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, உலர்ந்ததும் உதைத்தால் கிளம்பும்.

நிஜமாகவே செத்த பேட்டரிக்கு அப்புறம் என்ன ஆகிறது? அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால் அது குப்பை அல்ல, சரக்கு. பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். 2001ல் வந்த மத்திய அரசின் பேட்டரி விதிகள், விற்பவர் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றன. 2022 ஆகஸ்டில் வந்த புது விதிகள் அந்தப் பொறுப்பை நேரடியாகத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. இருந்தாலும் கூடுதல் காசு கொடுப்பவரிடம்தான் சரக்கு போகும். அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கும் இடங்களுக்கும் போகிறது. யூனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020ல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடி என்றது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டியது பேட்டரிகளை முறையில்லாமல் உருக்குவதை. கிக்கரோடு ஓடிய வண்டிகள் சுமந்தது 2.5 ஆம்பியர் மணி பேட்டரி. அதுவும் செத்தாலும் உடனே மாற்றத் தேவையில்லாதது. இப்போது 4, 5 என்று பெரிதாகி, செத்த அன்றே மாற்றியாக வேண்டும்.

இன்னும் கிக்கரை விடாத வண்டிகளும் இருக்கின்றன. டிவிஎஸ் 50யின் பேரன் எக்ஸ்எல் 100க்கு 2018ல் பட்டன் ஸ்டார்ட் வந்தது, ஆனால் கிக்கரை எடுக்கவில்லை. மூட்டை கட்டும் வாடிக்கையாளர்களை அந்தக் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டதே, இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைக்கலாம். சில மின்சார ஸ்கூட்டர்களில் சக்கரத்தைச் சுற்றும் பெரிய லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில், விளக்குக்கும் பூட்டுக்கும் கம்ப்யூட்டரை எழுப்புவதற்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. பெரியதில் 80 சதவீதம் சார்ஜ் இருக்கும். சின்னது படுத்துவிட்டால் பெரியதை இணைக்கச் சொல்ல ஆள் இல்லை. வண்டி எழுந்திருக்காது. தெ தியோன் வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்களே, அதே நிலைமைதான்.